நாற்பதடிக் குழாய்

முதுநகர் ஐஸ் கம்பெனியில்
இரவெல்லாம் தண்ணீரை உறைய வைத்துவிட்டு
விடியலில் வீட்டுக்கு வந்து
தண்ணீரைக் கொதிக்க வைக்கிறேன்.
சம்பளம் ஒன்றுக்குத்தான்.

கொல்லையில் நிற்கிறது அடுப்பு.
சிப்காட் ரோட்டில் எடைக்கு வாங்கிய டிரம்,
வயிற்றுக்குள் செம்புச் சுருள்,
ஆள் உயரப் புகைபோக்கி.
வெல்டிங் வைத்த கஜபதி சொன்னான்:
'கல்யாண மண்டபத்துக்கே பத்தும்ணே.'
மண்டபத்தில் வருபவர்கள்
ஒரு நாள் குளித்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

இங்கே எட்டுப் பேர்.
தம்பி ஞானவேலுக்கு இரண்டு வாளி.
சுகந்திக்கு வெள்ளிக்கிழமை மூன்று, தலைமுழுக.
பிள்ளைகள் நாலு பேருக்கும் சேர்த்து நாலு
என்பது காகிதத்தில்.
தனபாக்கியம் எப்போது குளிக்கிறாள் என்று
எனக்கே தெரியாது.
மிச்சம்தான் மாடிக்கு.

மாடியில் ஜெசிந்தா.
ஆஸ்பத்திரியில் ராத்திரி டூட்டி முடித்து
எட்டரைக்கு வருவாள்.
அவள் குழாயில் முதலில் வருவது நேற்றைய தண்ணீர்.
பிறகு கொஞ்சம் வெதுவெதுப்பு.
பிறகு காற்று.

மார்கழி ஒன்பதாம் தேதி
வாளி ஒன்று படியிறங்கி வந்தது,
படிக்குப் படி இடித்துக்கொண்டு.
வெள்ளைச் சீருடையிலேயே நின்று கேட்டாள்:
'வாடகைல வெந்நீர் உண்டா இல்லையா,
அத மட்டும் சொல்லுங்க.'

விறகைக் கூட்டினேன்.
மழையில் ஊறிய சவுக்கு
ஒரு முனையில் எரிந்தால் மறுமுனையில் நுரை தள்ளும்.
தன் ஈரத்தைத் தானே காயவைக்கத்தான்
பாதித் தீயைச் செலவழிக்கும்.

பண்ருட்டியிலிருந்து முந்திரித்தோடு ஒரு மூட்டை.
அது எரிந்தது, எரிந்தது என்று சொன்னால் போதாது,
ஆத்திரப்பட்டது.
எதிர்வீட்டு ராமதிலகம் கொடியில் போட்டிருந்த
நாலு வேட்டியும் கறுத்தன.
என் கையில் கொப்புளம்.
மாடியில் அதே வெதுவெதுப்பு.

அன்று குழாயைத் தடவிக்கொண்டே நடந்தேன்.
முதல் அடியில் கை வைக்க முடியவில்லை.
பத்தாவதில் காய்ச்சல்காரன் நெற்றி.
முப்பதில்
ஏலத்துக்கு வந்த மீன்.
துறைமுகத்துப் பக்கமிருந்து காற்று
சுவரை உரசியபடி வந்து
சாவகாசமாகக் குளித்துவிட்டுப் போகிறது.
இத்தனை நாளும் அதற்குத்தான்
வெந்நீர் போட்டிருக்கிறேன்.

அந்த ராத்திரி கம்பெனியில்
பாளம் பாளமாய் ஐஸை லாரியில் அடுக்கி
மேலே உமியைக் கொட்டும்போதுதான்
கை அப்படியே நின்றது.
கொச்சி வரை போகிற ஐஸ்.

சூப்பர்வைசரிடம் இரண்டு மூட்டை உமி கேட்டேன்.
'வீட்டுல ஐஸ் வைக்கிறியா?'
'இல்ல சார், வெந்நீர்.'
வாயை ஊதிக் காட்டச் சொன்னார்.

பெரிய பிவிசி குழாய்க்குள் சின்னக் குழாய்,
நடுவில் உமி, உலக்கையால் இடித்து இடித்து.
அடுப்பை ஒட்டிய மூன்றடியில்
நெருப்பு சத்தமில்லாமல் புகுந்து
ஒரு ராத்திரி முழுக்கத் தின்றது.
அங்கே மட்டும் கெடிலத்துக் களிமண் பூசினேன்.
மிச்சத்துக்குச் சாக்கு, சாக்கின்மேல் தார்ப்பாய்.
பாம்பு இரை விழுங்கியது போலிருக்கிறது என்றான் ஞானவேல்.
இருக்கட்டும்.

உமிக்குச் சூடும் தெரியாது, குளிரும் தெரியாது.
விடாதே என்றால் விடாது.

விறகு பாதிதான் போட்டேன் அன்று.
எட்டரைக்கு மாடிக்கதவு திறந்தது.
குழாய் திறக்கும் சத்தம்.
அப்புறம் ஒரு அலறல்.
'அண்ணே! பச்சைத்தண்ணி எங்க?
எதுலண்ணே கலக்கறது?'

மாடிக் குளியலறையில் ஒரே குழாய்தான்.
கலக்க வேண்டி வரும் என்று
யார் நினைத்தார்கள்.

கீழே தொட்டியில் ஒரு வாளி மொண்டு
படியேறினேன்.
பாதியில் தளும்பிக் காலில் விழுந்தது,
நல்ல மார்கழிக் குளிர்.